கழிக்கப்பட்ட ஒலி

கேட்ட சத்தத்தைக் கேட்டபடியே தரும் மைக் ஒன்றுகூட 2043இல் கடைகளில் கிடைக்கவில்லை. எல்லா மைக்குக்குள்ளும் ஒரு சல்லடைச் சில்லு இருந்தது. மனிதக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மழை, மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருநாய் எல்லாவற்றையும் அது கழித்துவிடும். யாரும் குறை சொல்லவில்லை. போனில் பேசினால் எதிராளி நம் காதுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல அத்தனை சுத்தமாக இருந்தது.

ஜெசிந்தா மாதிரி ஒரு சிலருக்குத்தான் அதில் கஷ்டம். அவள் தவளைகளை ஆராய்கிறவள். வால்பாறைக்கு மேலே நீலக்கல் எஸ்டேட்டில் ஓர் அறை எடுத்து ஒன்றரை வருடமாகத் தங்கியிருந்தாள். புது மைக்கைக் காட்டில் வைத்துவிட்டு வந்தால் மறுநாள் பதிவில் தவளை இருக்காது. மைக்கை வைக்கும்போது அவள் இருமிய இருமல் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதனால் பழைய மைக்குகளைத் தேடிப்பிடித்து, உள்ளங்கை அளவு லினக்ஸ் கணினி ஒன்றோடு இணைத்து, டிபன் டப்பாவில் அடைத்துக் காட்டில் வைப்பாள். எஸ்டேட்காரர்கள் அதைத் ‘தவளைப் பொட்டி’ என்றார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு பேச்சியம்மாள் அவள் கதவைத் தட்டினாள். கொழுந்து பறிக்கிறவள். அவள் கணவன் மாடசாமி, மலைக்குள் போகும் தண்ணீர்ச் சுரங்கத்தில் பழுதுவேலைக்குப் போயிருந்தான். செவ்வாய் மதியம் பெய்த மழையில் மண் சரிந்து சுரங்கத்தின் வாய் மூடிக்கொண்டது. உள்ளே மூன்று பேர்.

“டீச்சர், ஒங்க பொட்டி இத்துனூண்டு தவளைச் சத்தத்தையே புடிக்குதே. எம் புருசன் சத்தத்தப் புடிக்காதா?”

ஜெசிந்தா டீச்சர் இல்லை. ஆனால் அதைத் திருத்துகிற நேரம் இல்லை அது.

“மெஷின் வந்திருக்குன்னு சொன்னாங்களே அக்கா?”

“வந்துச்சு. நேத்துலேருந்து உள்ள எறக்கி வச்சிருக்காக. யாரும் இல்ல, யாரும் இல்லன்னே சொல்லுது. நான் தண்ணிக் கொழாயில காதை வச்சேன் டீச்சர். டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு. சொன்னா, மனசு கேக்குற சத்தம்மா அதுன்னு அனுப்பிட்டாக. ரெண்டு மணிக்கு மேல இருக்குற பாறைக்கு வெடி வைக்கப் போறாகளாம்.”

ஜெசிந்தா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். டப்பாவில் இருந்த மைக் போன வாரம் நனைந்து செத்துப்போயிருந்தது. அவளுடைய சாமான் பெட்டியின் அடியில் இன்னொன்று இருந்தது. கல்லூரி நாளில் வாங்கிய யுஎஸ்பி மைக், பதினெட்டு வருடப் பழசு. இந்தக் கணினியோடு அதை அவள் ஒரு தடவைகூட இணைத்துப் பார்த்ததில்லை. அதையும், கைக்குக் கிடைத்த ஒயர்களையும், லேப்டாப்பையும் பைக்குள் திணித்துக்கொண்டு பேச்சியம்மாளின் பின்னால் ஓடினாள்.

சரிவில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சுரங்கத்துக்கு மேலே மலையில் ஒரு காற்றுத்துளை, குடம் நுழையும் அகலம். அதன் வழியாக ஒரு பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் உள்ளே இறங்கியது. துளையின் வாயில் கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டி; அதன் மைக் உள்ளே இறங்கியிருந்தது. அதன் திரையில் பச்சை எழுத்தில் ‘மனிதக் குரல்: இல்லை’ என்று இருந்தது. அதன் பெயர் செவிமணி. அதைச் செய்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் அருள்நம்பி பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

மீட்புக்குழுத் தலைவர் செங்கோட்டுவேலன் அவளைத் தடுத்தார். “ஏனுங்கம்மா, இங்கெல்லாம் வரக்கூடாதுங்க. மண்ணு எளகிக் கெடக்குது.”

“ரெண்டு மணிக்கு வெடி வைக்கிறது நிசமா சார்?”

அவர் மேலே கைகாட்டினார். லாரி அளவுப் பாறை ஒன்று சேற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. “அது தானா உருண்டா கீழ எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லயன் வீடு நாப்பதும் நசுங்கிருமுங்க. வெடிச்சு ஓரமா எறக்கோணும். எறக்குனா இந்தத் துளை மூடிக்கும். உள்ள ஆள் இருந்தா நான் கை வைக்க மாட்டேனுங்க. மெஷின் இல்லைங்குது. நானும் அந்தக் கொழாயில காதை வெச்சுப் பாத்தேன். ஜெனரேட்டர் அதிர்ற அதிர்வுல ஒண்ணும் புரியலீங்க. அதை நிறுத்தவும் முடியாது, அந்தப் பக்கம் தண்ணி எறைக்குது.”

“நான் ஒரு மைக்கை அடியில எறக்கிப் பாக்கட்டுமா? சல்லடை இல்லாத மைக்.”

அருள்நம்பி திரும்பிப் பார்த்தான். “மேடம், செவிமணி முப்பது மீட்டர் பாறைக்கு அந்தாண்ட மூச்சுவிட்டாலே சொல்லிடும்.”

“மூச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சா சொல்லும். இரும்புல தட்டினா?”

“குழாய்ச் சத்தம் வருது. நானும் பதிவேட்டுல பாத்தேன். உலோகம் சூடாகி விரியறது, சுருங்கறது. அதை எல்லாம் கழிச்சுடும். கழிக்கலன்னா ஆத்துச் சத்தம், மழைச் சத்தம்னு நூறு தடவை பொய்யா ‘ஆள் இருக்கு’ன்னு சொல்லும். அந்தப் பொய்யை நம்பித் தோண்டப்போய் நாலு மீட்பு ஆளுங்க செத்திருக்காங்க. அதுக்கப்புறம்தான் சல்லடையைக் கடுமையாக்கினோம்.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஜெசிந்தா வேலனைப் பார்த்தாள். வேலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால்.

“பன்னெண்டு மணி வரைக்கும் உங்களுக்குங்க. அதுக்கு மேல வெடிக்காரங்க வந்துருவாங்க.”

துளையின் ஆழம் முப்பத்து நான்கு மீட்டர். யுஎஸ்பி ஒயர் ஐந்து மீட்டரைத் தாண்டினால் மைக்கும் கணினியும் பேசிக்கொள்ளாது. “அப்போ கம்ப்யூட்டரையே உள்ள எறக்கிருவோம்” என்றாள் ஜெசிந்தா. மேலே இருக்கும் லேப்டாப்புக்கும் அதற்கும் நடுவில் இன்டர்நெட் கேபிள் போதும், அது நூறு மீட்டர்வரை தாங்கும். வேலனின் ஆள் ஒருவர் எஸ்டேட் ஆபீஸுக்கு ஓடி, கேமராவுக்குப் போட்டிருந்த கேபிளைச் சுவரோடு பிய்த்துக்கொண்டு வந்தார்.

டப்பாவில் கணினி, பவர் பேங்க், மைக். இறக்குவதற்கு முன்னால் மேலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ஜெசிந்தா மைக்கைச் செருகினாள். மைக்கின் நெற்றியில் நீல விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் பதிவுக் கருவிகளின் பட்டியலைக் கேட்டுத் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரே வரி வந்தது. ஒலிப்பதிவுக் கருவி எதுவும் இல்லை.

கழற்றி மாட்டினாள். இல்லை. கணினியின் அடுத்த துளையில் செருகினாள். இல்லை. கணினியை அணைத்து எழுப்பினாள். அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நாற்பது வினாடியும் பேச்சியம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மறுபடியும் அதே வரி.

“வெளக்கு எரியுதே டீச்சர்?”

அந்தக் கேள்விதான் ஜெசிந்தாவை உலுக்கியது. விளக்கு எரிகிறது என்றால் கரண்ட் போகிறது. கரண்ட் மட்டும் போகிறது. அவள் ஒயரை உருவித் தூக்கிப் பிடித்தாள். பழைய போன் சார்ஜரோடு வந்த ஒயர். உள்ளே மின்சாரக் கம்பி இரண்டு மட்டும் இருக்கும், தகவல் போகிற கம்பி இருக்காது.

“நாசமாப் போச்சு. இது சார்ஜ் ஒயர். யார்கிட்டயாவது டேட்டா ஒயர் இருக்கா?”

யாரிடமும் இல்லை. எல்லாப் போன்களும் ஒயரே இல்லாமல் சார்ஜ் ஆகிற காலம். செவிமணியின் பக்கவாட்டில் மட்டும் ஒன்று செருகியிருந்தது. எல்லோர் கண்ணும் அதற்குப் போனது.

“அதை எடுத்தா மெஷின் நின்னுடும்” என்றான் அருள்நம்பி. “நின்னா நான் ஆபீஸுக்குக் காரணம் எழுதணும்.”

அவன் பேச்சியம்மாளின் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு குனிந்து ஒயரை உருவி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தான். பச்சை எழுத்து அணைந்தது.

இந்தத் தடவை பட்டியலில் ஒரு புது வரி வந்தது. கார்டு இரண்டு, யுஎஸ்பி மைக். ஜெசிந்தா ‘ஹே!’ என்று கத்தியேவிட்டாள். பத்து வினாடி பதிந்து ஓடவிட்டாள். சுத்த மௌனம். ஜெனரேட்டர் காதுக்குப் பக்கத்தில் உறுமுகிறது, பதிவில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

“பாத்தீங்களா, செத்துப்போன மைக்” என்றான் அருள்நம்பி. ஆனால் அவனும் முக்காலியை விட்டு எழுந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான்.

ஒலி அளவுகளைக் காட்டும் திரையைத் திறந்தாள் ஜெசிந்தா. வரிசையாகச் சின்னச் சின்னத் தூண்கள். மைக்கின் தூணுக்கு அடியில், ஒலி பூட்டியிருக்கிறது என்று காட்டும் இரண்டு எழுத்து. “மூடி வச்சிருக்கு. லினக்ஸ் முதல் தடவை ஒரு மைக்கைப் பார்த்தா சிலசமயம் வாயைப் பொத்தியே வைக்கும்.” ஒரு விசையைத் தட்டிப் பூட்டைத் திறந்தாள். தூணைப் பாதிக்கு மேலே ஏற்றினாள். பக்கத்தில் ‘தானாகச் சரிசெய்’ என்று இன்னொரு பொத்தான் இருந்தது, அதை அணைத்தாள்.

“அது ஏன்?” அருள்நம்பி கேட்டான்.

“அதை விட்டா பெரிய சத்தம் வரும்போது தானா குறைக்கும், சின்னச் சத்தத்தை அமுக்கிரும். எனக்கு யாரும் நடுவுல நின்னு நல்லது செய்ய வேண்டாம். மைக் என்ன கேக்குதோ அது அப்படியே பதியணும்.”

மறுபடியும் பதிந்து ஓடவிட்டாள். ஜெனரேட்டரின் உறுமலும், மழையும், யாரோ காறித் துப்பியதும், பேச்சியம்மாளின் வளையல் உரசியதும் லேப்டாப்பிலிருந்து ஒரே கூச்சலாகக் கொட்டின. இத்தனை அழுக்கான சத்தத்தை அங்கிருந்த இளம் ஆட்கள் கேட்டதே இல்லை. ஒருவர் சிரித்துவிட்டார்.

பதினொன்று இருபதுக்கு டப்பா உள்ளே இறங்கியது. வேலன் தன் கையாலேயே கயிற்றை விட்டார். பத்து மீட்டர். இருபது. ஜெசிந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஜெனரேட்டர் தேய்ந்து தேய்ந்து தூரத்து வண்டு மாதிரி ஆனது. முப்பது மீட்டரில் நீர் சொட்டும் சத்தம் பெரிதாகக் கேட்டது. முப்பத்து நான்கில் கயிறு நின்றது.

சொட்டு. சொட்டு. பிறகு, டொக். டொக். டொக்.

அவள் கையை உயர்த்தினாள். டொக். டொக். டொக். சற்று இடைவெளி. மறுபடியும் மூன்று. ஹெட்போனை வேலனின் காதில் வைத்தாள். அவர் வாய் திறந்தபடி நின்றது.

“சூட்டுல விரியற இரும்பும் இப்படித்தான்...” என்று ஆரம்பித்த அருள்நம்பி பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

“கேட்டுப் பாத்துருவோமுங்க” என்றார் வேலன். பெரிய சுத்தியலை எடுத்துக் குழாயின் தலையில் ஓங்கி ஐந்து தடவை அடித்தார். மலையே அதிர்ந்தது.

ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றி, லேப்டாப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். நீர் சொட்டியது. எட்டு வினாடி. பத்து. பன்னிரண்டு.

டொக். டொக். டொக். டொக்.

நான்கு. எல்லோரும் காத்திருந்தார்கள். பேச்சியம்மாள் கையைக் கூப்பி நெஞ்சில் அழுத்திக்கொண்டாள்.

டொக்.

சரிவு முழுவதும் கத்தியது. பேச்சியம்மாள் வேலனைக் கட்டிக்கொண்டாள், வேலன் ஜெசிந்தாவின் முதுகில் அறைந்தார். வெடிக்காரர்களுக்குப் போன் பறந்தது. அரை மணி நேரத்தில் லயன் வீடுகள் நாற்பதிலிருந்தும் ஆட்களை வெளியேற்றினார்கள். பாறைக்குக் கீழே இரும்பு வலையும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்தார்கள். காற்றுத்துளையை அகலப்படுத்திக்கொண்டே ஆட்கள் இறங்கினார்கள். ஜெசிந்தா நகரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலன் அடிப்பார், கீழிருந்து பதில் வரும், அவள் கட்டைவிரலை உயர்த்துவாள், தோண்டுகிறவர்கள் இன்னும் வேகமாகத் தோண்டுவார்கள்.

மூன்றரை மணிக்கு ஒரு கை தெரிந்தது. சேற்றில் ஊறி வெளுத்த கை. மாடசாமி முதலில் வந்தான், பின்னால் இன்னும் இரண்டு பேர். மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. பேச்சியம்மாள் மாடசாமியின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து அடையாளம் கண்டுபிடித்தாள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாடசாமியிடம் வேலன் குனிந்தார். “நல்லாத் தட்டுனீங்கய்யா. அதான் உங்களைக் காப்பாத்துச்சு.”

மாடசாமியின் தொண்டை ஒட்டிப்போயிருந்தது. “நாங்க தட்டலீங்களே. மொத நாளு கத்துனோம், தொண்ட போச்சு. சாமானெல்லாம் மண்ணுக்குள்ள போச்சு, தட்ட எங்க கையில ஒண்ணுமே இல்ல. நீங்கதான மேலேருந்து தட்டிக்கிட்டே இருந்தீக? அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் உசுர வச்சிருந்தோம்.”

வேலன் நிமிர்ந்தார். ஆட்கள் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள், ஆம்புலன்ஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ஜெசிந்தா லேப்டாப்பிடம் ஓடினாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் காதில் அழுத்தினாள்.

டொக். டொக். டொக். முன்னைவிட மெதுவாக, இடைவெளி கூடி.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள். “யாரும் போகாதீங்க. உள்ள இன்னும் ஆள் இருக்கு!”

சுரங்கப் பழுதுவேலையை எடுத்த ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி தங்கப்பழம் அங்கேதான் நின்றார். “லிஸ்டுல மூணு பேருதாங்க” என்றார் அவசரமாக. வேலன் அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஹெட்போனை அவர் காதில் வைத்தார். அவ்வளவுதான். மேஸ்திரியின் முகம் சுருங்கியது.

“செவ்வாக்கெழம காலையில ஒரு பையன் வந்தான் சார். வடக்க எங்கிட்டோ, ஜார்க்கண்ட். பம்ப் ரூம்ல தனியா சேறு அள்ள விட்டேன். அன்னிக்குத்தான் வந்ததால பேரு எழுதல. மண்ணு சரிஞ்சப்ப பயந்து ஓடிட்டான்னு நெனச்சேன்... அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்.”

“பேரு?”

“சோம்ரான்னு சொன்னான்.”

பம்ப் அறை சுரங்கத்தின் வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரும்புக் குழாய் தொடங்குகிற இடமே அதுதான். டப்பாவை இரு பக்கமும் நகர்த்தச் சொல்லி, சத்தம் எங்கே கூடுகிறதென்று கேட்டு ஜெசிந்தா இடமா வலமா என்று சொன்னாள், ஆட்கள் அதன்படி வெட்டினார்கள். இரண்டு முறை சத்தம் நின்றது. இரண்டு முறையும் சுத்தியலை வாங்கிக் குழாயில் அடித்தவன் அருள்நம்பி. கை தோல் உரிந்து ரத்தம் வந்தது, அவன் கவனிக்கவில்லை. பதில் வரும்வரை அடித்தான்.

ஐந்து மணிக்குச் சோம்ராவைத் தூக்கி வந்தார்கள். இருபத்து மூன்று வயது, கால் முறிந்திருந்தது. கையில் ஒரு ஸ்பேனர். அதை விடச் சொன்னார்கள், அவன் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவன் பேசிய மொழி அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. பேச்சியம்மாள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, “இருய்யா, இருய்யா, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸில் அவனோடும் தன் புருசனோடும் ஏறிக்கொண்டாள்.

எஸ்டேட் ஆபீஸில் டீ கொடுத்தார்கள். ஜெசிந்தா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பாக வந்தது. நான்கு பேர்! வேலன் யார் யாரிடமோ போனில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அருள்நம்பி தன் லேப்டாப்போடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். டீயைத் தொடவில்லை.

“மேடம், ஒண்ணு சொல்லணும். கழிச்ச சத்தத்தை மெஷின் அழிக்கிறதில்ல. தரப் பரிசோதனைக்குன்னு ஆறு மாசம் தனியா எடுத்து வெச்சிருக்கும். இதுவரைக்கும் யாரும் திறந்து கேட்டதில்ல. கேக்கணும்னு தோணலை.”

“சரி.”

“ஆறு மாசத்துல பதினேழு இடத்துல ‘ஆள் இல்லை’ன்னு சொல்லியிருக்கு. எல்லா இடத்துலயும் அதை நம்பித் தேடறதை நிறுத்திட்டாங்க.” அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஊர்ப் பெயரும் தேதியுமாகப் பதினேழு கோப்புகள். “நான் முதல்லேருந்து கேக்கலாம்னு... ஆரம்பிக்க முடியல. நீங்க கொஞ்சம்...”

ஜெசிந்தாவின் சிரிப்பு போயிருந்தது. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். “முதல்லேருந்து வேண்டாம். கடைசி எது?”

“மூணு நாள் முன்னாடி. பொள்ளாச்சி ரோட்டுல ஒரு குடோன் இடிஞ்சது. இன்னும் இடிபாட்டை அள்ளல, திங்கக்கிழமை அள்ளப் போறாங்க.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தாள். அருள்நம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடம். அவள் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே தலையைத் திருப்பினாள்.

“வேலன் சார்,” என்றாள். “போனை வையுங்க. வண்டியை எடுக்கச் சொல்லுங்க. சுத்தியலையும் கேபிளையும் ஏத்துங்க.”

வேலன் போனை வைத்தார். வெளியே ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். ஜெசிந்தா மைக் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

அருள்நம்பி எழுந்திருக்கவில்லை. திரையில் இன்னும் பதினாறு கோப்புகள் இருந்தன.